28 மி.மீ. சிப்பாய்க்கு எந்த நிறம்? வாட்டர்லூ பொம்மைப் படைக்கு வண்ணம் தீட்டுவது எப்படி? முழு விவரம்

சுண்டு விரலில் பாதி உயரம்தான் இருக்கும். ஆனால் அந்தக் குட்டிச் சிப்பாயின் காலர் நிறம் மாறிவிட்டால், அவர் வேறு ரெஜிமென்ட் ஆகிவிடுவார். தொப்பி மாறிவிட்டால், வேறு போருக்கே போய்விடுவார்! வரலாற்றுப் போர்களை மேசை மேல் விளையாடும் 'வார்கேம்' ரசிகர்கள் பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன்பு புத்தகத்தைத் திறப்பது இதனால்தான். இந்தப் பொழுதுபோக்கு எப்படி நடக்கிறது? எங்கே தவறு வரும்? பார்க்கலாம்.

வார்கேம்னா என்ன?

இது ராணுவப் பயிற்சியில் பிறந்த விளையாட்டு. பிரஷ்ய ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட 'கிரீக்ஸ்ஷ்பீல்' விதிகள், வரைபடத்தின் மேல் படைகளை நகர்த்தி அதிகாரிகளுக்குப் பயிற்சி தரப் பயன்பட்டன. 1913-ல் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ், 'லிட்டில் வார்ஸ்' என்ற நூலில் பொம்மைச் சிப்பாய்களை வைத்து வீட்டிலேயே விளையாடும் விதிகளைத் தந்தார். 1962-ல் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' நூல் பிரிட்டனில் இதைப் பரவலாக்கியது.

இன்று 28 மி.மீ., 15 மி.மீ., 6 மி.மீ. எனப் பல அளவுகளில் உருவங்கள் கிடைக்கின்றன. பெரும்பாலும் வண்ணம் இல்லாமல்தான் விற்பார்கள். வண்ணம் தீட்டுவது வாங்கியவர் வேலை.

முதல் கேள்வி: எந்த ஆண்டு?

நெப்போலியன் காலப் படை வேண்டும் என்றால் மட்டும் போதாது. எந்த ஆண்டு, எந்தப் போர் என்று முடிவு செய்ய வேண்டும். ஏன்?

* பிரெஞ்சு காலாட்படை என்றாலே நீலக் கோட்டுதான் நினைவுக்கு வரும். ஆனால் நீலச் சாயத்துக்குத் தேவையான அவுரிக்குத் தட்டுப்பாடு வந்ததால், 1806-ல் சில ரெஜிமென்ட்களுக்கு வெள்ளைச் சீருடை தர உத்தரவானது. அடுத்த ஆண்டே அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதனால் 1807 படையில் வெள்ளைக் கோட்டு சரி. 1815 வாட்டர்லூவில் அதே ரெஜிமென்ட்டுக்கு அது தவறு.
* ஸ்பெயினில் பெரும்பாலும் உருளை வடிவத் தொப்பியோடு போரிட்ட பிரிட்டிஷ் வீரர்கள், வாட்டர்லூவில் முன்பக்கம் உயர்ந்த புதிய தொப்பி அணிந்திருந்தார்கள். தொப்பி தவறான உருவத்தை வாங்கிவிட்டால் பெயின்ட்டால் சரிசெய்ய முடியாது.
* பிரிட்டிஷ் பட்டாலியன் இரண்டு கொடிகளை ஏந்திச் செல்லும். ஆனால் 69-வது ரெஜிமென்ட், 1815 ஜூன் 16-ல் நடந்த காத்ர் ப்ரா சண்டையில் ஒரு கொடியை பிரெஞ்சுக் குதிரைப்படையிடம் இழந்தது. இரண்டே நாள் கழித்து நடந்த வாட்டர்லூவுக்கு அந்தப் படையை அமைத்தால் ஒரு கொடிதான் வைக்க வேண்டும்!

எல்லா சிவப்பும் ஒரே சிவப்பா?

இல்லை. பிரிட்டிஷ் அதிகாரிகளின் கோட்டு, கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுத்த சாயத்தால் பளிச்சென்ற செந்நிறத்தில் இருக்கும். சாதாரணச் சிப்பாயின் கோட்டுக்கு மலிவான மஞ்சிட்டி வகைச் செடியின் வேர்ச் சாயம். அது கொஞ்சம் செங்கல் சாயலில் மங்கலாகத் தெரியும். எனவே ஒரே டப்பா சிவப்பை எல்லோருக்கும் அடிக்கக் கூடாது.

அடுத்தது காலர், கை மடிப்பு. இங்குதான் ரெஜிமென்ட்டின் அடையாளம் இருக்கிறது. வாட்டர்லூவில் ஹால்கெட் தலைமையிலான ஒரே பிரிகேடில் 30-வது ரெஜிமென்ட்டுக்கு வெளிர் மஞ்சள், 33-க்கு சிவப்பு, 69-க்கு பச்சை.

மேசையில் எப்படித் தெரியும்?

விளையாடுபவர் உருவத்தைக் கையில் வைத்துப் பார்ப்பதில்லை. சுமார் மூன்று அடி தூரத்திலிருந்துதான் பார்க்கிறார். அந்தத் தூரத்தில் அடர் நீலம் கறுப்பாகவே தெரியும். அதனால் அசல் துணியின் நிறத்தைவிட ஓரிரு படி வெளிறிய நீலத்தைப் பூசுவார்கள். கண்ணின் கருவிழி வரைய வேண்டுமா? தேவையில்லை. முகம், வெள்ளைத் தோள்பட்டை, காலர், கொடி ஆகிய நான்கும் தெளிவாக இருந்தால் படை எடுப்பாக நிற்கும்.

படிப்படியாக எப்படிச் செய்வது?

1. சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவிடுங்கள். அச்சிலிருந்து ஒட்டிய எண்ணெய்ப் பசை போனால்தான் பெயின்ட் பிடிக்கும்.
2. அச்சுக் கோடுகளைச் சின்ன அரத்தால் தேய்த்து எடுங்கள்.
3. பிரைமர் அடியுங்கள். மழை நாளில், காற்றில் ஈரம் அதிகமிருக்கும்போது ஸ்பிரே அடித்தால் பூச்சு சொரசொரப்பாகிவிடும்.
4. கோட்டு, கால்சட்டை, முகம் என அடிப்படை நிறங்களைப் பூசுங்கள். அக்ரிலிக் பெயின்ட்டில் கொஞ்சம் தண்ணீர் கலந்து இரண்டு மெல்லிய பூச்சு கொடுப்பது நல்லது. ஒரே தடிமனான பூச்சு நுணுக்கங்களை மூடிவிடும்.
5. நீர்த்த அடர் பழுப்பு 'வாஷ்' ஊற்றினால் அது மடிப்புகளில் தங்கி நிழல் கொடுக்கும்.
6. மேடான இடங்களில் வெளிர் நிறத்தால் லேசாகத் தொடுங்கள்.
7. கடைசியில் வார்னிஷ். விளையாடும்போது விரல் பட்டே பெயின்ட் உரியும். அதைத் தடுப்பது இதுதான்.

எவ்வளவு நேரம் ஆகும்?

இங்குதான் பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். ஒரு பொம்மை 20 வீரர்களுக்குச் சமம் என்று வைத்தால், 600 பேர் கொண்ட பட்டாலியனுக்கு 30 பொம்மைகள். ஒன்றுக்கு ஒரு மணி நேரம் என்றால் 30 மணி நேரம். பத்து பட்டாலியனுக்கு 300!

இதற்குத் தீர்வு, பத்துப் பத்தாகப் பிரித்து வேலை செய்வது. பத்துப் பேருக்கும் முதலில் சிவப்பு, அடுத்து சாம்பல் கால்சட்டை, அடுத்து வெள்ளைப் பட்டை. பத்தாவது பொம்மை முடிவதற்குள் முதல் பொம்மை காய்ந்திருக்கும். ஒவ்வொன்றாக முழுசா முடிக்கலாம் என்று உட்கார்ந்தால் படை பெட்டியிலேயே கிடக்கும்.

ஆபத்து உண்டா?

பழைய உலோகப் பொம்மைகள் பலவற்றில் ஈயம் கலந்திருக்கும். அரத்தால் தேய்க்கும்போது மாஸ்க் அணிவது, தூளை ஈரத்துணியால் துடைப்பது, முடிந்ததும் கை கழுவுவது அவசியம். பிரஷ் நுனியை வாயில் வைத்துக் கூராக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

நம்ம ஊருக்குத் தொடர்பு உண்டா?

உண்டு. வாட்டர்லூவில் வென்ற வெலிங்டன், அதற்கு 12 ஆண்டுகள் முன்பு, 1803 செப்டம்பர் 23-ல் இன்றைய மகாராஷ்டிராவில் உள்ள அஸ்ஸாயில் மராத்தியப் படையுடன் மோதினார். அவர் பக்கம் நின்ற காலாட்படையில் ஸ்காட்லாந்து ரெஜிமென்ட்களோடு மெட்ராஸ் பட்டாலியன்களும் இருந்தன. அஸ்ஸாய் போரை மேசையில் அமைப்பவர், அந்த மெட்ராஸ் சிப்பாய்களுக்கும் சிவப்புக் கோட்டு தீட்ட வேண்டும். ஆனால் தலைப்பாகையும் கால் உடையும் ஐரோப்பிய வீரர்களுடையது போல இருக்காது. வாட்டர்லூ பொம்மைக்கு முகத்தில் மட்டும் பழுப்பு பூசிவிட்டால் மெட்ராஸ் சிப்பாய் ஆகிவிட மாட்டார்.

புதிதாகத் தொடங்குபவர் என்ன செய்யலாம்?

ஒரு போர், ஒரு தேதி, ஒரு பட்டாலியன். அதற்கான உருவங்களை மட்டும் வாங்குங்கள். சிவப்பு, வெள்ளை, கறுப்பு, சாம்பல், பழுப்பு, தோல் நிறம், வெள்ளி, ரெஜிமென்ட் நிறம் என எட்டு டப்பா, ஒரு வாஷ், நல்ல நுனியுள்ள இரண்டு பிரஷ் போதும். அந்த 30 பேர் முடிந்த பிறகு அடுத்த பெட்டியை வாங்குவதா என்று யோசிக்கலாம்.