பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடி: நம்ம ஊரில் பலன் தருமா?

பீருக்குக் கசப்பும் மணமும் தருவது ஹாப்ஸ் கொடியின் பூ. "கிலோவுக்கு நல்ல விலை, தோட்டத்தில் நடலாம்" என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்.

பயிரின் தன்மை

ஹாப்ஸ் பல்லாண்டுக் கொடி. கயிற்றில் 5 முதல் 6 மீட்டர் உயரம் ஏறும். குளிர்காலத்தில் கொடி காய்ந்துவிடும்; வேர்த்தண்டு மண்ணுக்குள் உயிரோடு இருந்து மறுபடி துளிர்க்கும். ஆண், பெண் செடிகள் தனித்தனி. பெண் பூவுக்கு மட்டுமே விலை. விதையில் இரண்டும் கலந்து முளைக்கும் என்பதால் பெண் செடியின் வேர்த்தண்டைத்தான் நடுவார்கள்.

இந்தியாவில் எங்கே?

இமாச்சலப் பிரதேசத்தின் லாஹௌல் பள்ளத்தாக்கில் பயிரிட்டார்கள். அங்கே குளிர்காலத்தில் பனி மூடும். ஜூனில் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டும்.

இங்கே என்ன சிக்கல்?

மணலூர்பேட்டையில் ஆண்டின் நீளமான பகலே 13 மணி நேரத்துக்குள்தான். பகல் குறுகியதாக இருந்தால் கொடி வளரும் முன்பே பூத்துவிடும். பூ சொற்பமாகவே கிடைக்கும். கல்வராயன் மலையில் வெயில் சற்றுக் குறைவு. ஆனால் பகல் நீளம் அங்கும் இதேதான். உரம் போட்டு இதைச் சரிசெய்ய முடியாது. பிரேசிலில் இரவில் விளக்கு எரித்துப் பகலை நீட்டிப் பயிரிடுகிறார்கள். அந்தச் செலவு நமக்குக் கட்டுப்படியாகாது.

ஆசைக்கு ஒரு செடி

- பெரிய தொட்டியில், வடிகால் உள்ள மண்ணும் மட்கிய தொழுவுரமும் நிரப்புங்கள்.
- மார்கழியில் வேர்த்தண்டைப் படுக்கை வசமாக 5 செ.மீ. ஆழத்தில் வையுங்கள்.
- காலை வெயில் படட்டும். மதிய வெயிலுக்கு நிழல் வலை கட்டுங்கள்.
- இலையின் அடியில் செஞ்சிலந்தி இருக்கிறதா என்று அடிக்கடி பாருங்கள்.

சட்டம் தெரியுமா?

உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-ன்படி குற்றம். வீட்டு உபயோகத்துக்குக் காய்ச்சும் பீரும் அதில் அடக்கம்.

பந்தல் போடப் பணம் இருந்தால் பாகல், புடலை, கோவைக்காய் போடுங்கள். உள்ளூர்ச் சந்தையிலேயே விற்கலாம். பந்தலுக்கு மானியம் உண்டா என்று வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேளுங்கள். ஹாப்ஸ் வாங்குவோம் என்று யார் சொன்னாலும், கொள்முதல் விலையை எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.