தவறிய துடிப்பு

சென்ற ஆண்டு ஓர் இரவு படுக்கையில் சாய்ந்தபடி என் மணிக்கட்டில் விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று துடிப்புகள் ஒழுங்காக வந்தன, நான்காவது வரவில்லை. சற்றுப் பொறுத்து ஒன்று, நெஞ்சில் உதைத்தாற்போல் வலிமையாக வந்தது. ஆயுட்காலமெல்லாம் பள்ளி மணிக்குக் கட்டுப்பட்டு வாழ்ந்தவனுக்கு ஒரு மணி தவறினால் எத்துணைக் கலக்கம் உண்டாகும்! மருத்துவரோ மின்வரைபடம் எடுத்துப் பார்த்து, “துடிப்பு தவறவில்லை ஐயா, முந்திவிட்டது” என்றார். அச்சொல்லின் வரலாற்றைத் தேடிப் படித்ததன் விளைவே இப்பேச்சு.

மாணவ நண்பர்களே, இருதயத்தின் மேலறையில் பிறக்கும் தூண்டுதல் கீழறைக்கு இறங்கிவருவதே இயல்பு. சில வேளைகளில் கீழறை முந்திக்கொண்டு தானே துடித்துவிடும். அப்போது அறை நன்கு நிரம்பியிராது. ஆதலின் நாடியலை மணிக்கட்டை எட்டாமலே போவதுண்டு. 1870-களில் பிரெஞ்சு அறிஞர் மாரே தவளையின் இருதயத்தை மின்சாரத்தால் தூண்டி ஆராய்ந்து, துடிக்கத் தொடங்கிய இருதயம் சிறிது நேரம் வேறு தூண்டுதலுக்கு இணங்காது என்று கண்டார். எனவே முந்திய துடிப்பின் பின் வழக்கமான தூண்டுதல் வந்து தட்டினால் கீழறை விடையளிப்பதில்லை. அடுத்த அழைப்பு வரும்வரை வாளா இருக்கிறது. இயல்பான இடைவெளி 0.8 வினாடி எனக் கொள்வோம். துடிப்பு 0.5 வினாடியிலேயே வந்துவிட்டால், அதன்பின் ஓய்வு பெரும்பாலும் 1.1 வினாடி. கூட்டிப் பாருங்கள்: 1.6. சரியாக இரண்டு இடைவெளிகள்! தாளம் கெடவில்லை.

இங்கிலாந்தில் பர்ன்லி என்னும் நெசவாலை நகரில் 1879 முதல் மருத்துவம் பார்த்த ஜேம்ஸ் மெக்கன்ஸி, கழுத்துச் சிரையின் அலையையும் மணிக்கட்டு நாடியையும் ஒருங்கே வரையும் கருவியொன்றை அமைத்தார். கருவியினும் அவருடைய பொறுமையையே நான் பெரிதாக மதிக்கிறேன். ஒரே ஊரில் இருந்து, ஒரே நோயாளிகளை ஆண்டுக்கணக்காகக் கவனித்து, நாடி இவ்வாறு இடறியவர்களுள் பலர் நலமாக வாழ்வதைக் கண்டார். 1902-இல் நாடியைப் பற்றி நூலும் எழுதினார். பின்னர் லெய்டன் நகரத்து ஐந்தோவன் கண்ட மின்கருவி, முந்திய துடிப்பு எப்பொழுது வந்தது, எங்கே பிறந்தது என்பதைப் படத்திலேயே காட்டிற்று. 1924-ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

ஆயினும், மாரடைப்பு கண்டவர்களுக்கு இத்துடிப்புகள் மிகுந்திருந்தால் மரணமும் மிகுதி என்பது பிற்காலத்தில் புலனாயிற்று. அப்படியானால் மருந்தால் துடிப்பை அடக்கினால் உயிர் பிழைக்குமன்றோ? எனக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும். அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய சோதனையில் இருவகை மருந்துகளுள் ஒன்றைப் பெற்றோர் 755 பேர். வெற்று மாத்திரை உண்டோர் 743 பேர். மருந்து துடிப்பை அடக்கத்தான் செய்தது. ஆனால் மருந்துண்டோரில் 63 பேரும் மற்றவரில் 26 பேரும் இறந்தனர். 1989-இல் அம்மருந்துகளின் சோதனை நிறுத்தப்பட்டது. துடிப்பு, புண்பட்ட இருதயத்தின் அறிகுறியே. அறிகுறியை அழிக்க முயன்ற மருந்தே வேறு கொடிய தாளக்கேட்டை விளைத்தது.

ஆகவே இன்றைய மருத்துவர், இருதயம் வேறு வகையில் நலமாக உள்ளதா, துடிப்புகள் எத்தனை, தொடர்ந்து வருகின்றனவா என்றே முதலில் பார்க்கிறார். நாள் முழுதும் மிகப் பலவாக வந்தால் அவையே இருதயத்தைத் தளர்த்துவதும் உண்டு. அதற்கு வேறு சிகிச்சை இருக்கிறது.

என்னைப் பலவகையிலும் சோதித்த மருத்துவர், மருந்தொன்றும் எழுதாமல் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். அன்று அது எனக்குச் சற்று ஏமாற்றமாகவே இருந்தது.