குடியம் குகையும் ஒரு லோடு கிராவலும்

லாங் வீக்எண்ட் வந்தா நம்ம வாட்ஸ்அப் குரூப்ல என்ன பேச்சு ஓடும்? ஜெய்சல்மேர் போலாமா, மணல்மேடு பாக்கலாமா, பக்கத்துல குகை ஏதாவது இருக்கா... நல்ல பிளான்தான். ஆனா ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் ஷிஃப்ட் முடிச்சு கம்பெனி பஸ்ல தூங்கிக்கிட்டே வீட்டுக்கு வர்ற நம்மள்ல பலருக்கு ஒரு விஷயம் தெரியாது. இதே பெல்ட்டுக்கு வடக்கே, திருவள்ளூர் தாண்டி, பூண்டி ஏரியும் தாண்டிப் போனா, கற்கால மனுஷங்க ஒதுங்கின குகைகள் இருக்கு. ஊர் பேரு குடியம். சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்.

ஊர்லேருந்து காட்டுக்குள்ள நடந்துதான் போகணும். இது பாலைவனம் கிடையாது. ஆனா மே மாச வெயில்ல அந்த முள்ளுக்காடும் சிவந்த சரளையும் கிட்டத்தட்ட அந்த உணர்வைக் கொடுத்துரும். நடந்து களைச்ச நேரத்துல, ஒரு பெரிய பாறை குடை மாதிரி வளைஞ்சு நிக்கும். செதுக்கின தூண், சிற்பம்னு எதிர்பார்த்துப் போனா ஏமாந்துருவீங்க. பாறைக்குக் கிட்ட போய்ப் பாருங்க. அது ஒரே கல் இல்ல. முட்டை சைஸ்ல, தேங்காய் சைஸ்ல எக்கச்சக்கமான கூழாங்கற்கள், காங்கிரீட் போட்ட மாதிரி ஒட்டி இறுகியிருக்கும்.

கூழாங்கல் வழவழப்பா இருந்தா, தண்ணி அதை உருட்டியிருக்குன்னு அர்த்தம். டைனோசர் காலத்துல ஓடின தண்ணி. அந்தக் காலத்துப் பாறை அடுக்கு ஒண்ணுக்குப் புவியியல்ல பேரே 'ஸ்ரீபெரும்புதூர் அடுக்கு'தான். நமக்கு ஸ்ரீபெரும்புதூர்னா ராமானுஜர், இல்லேன்னா கார் ஃபேக்டரி. புவியியல்காரங்களுக்கு அது 10 கோடி வருஷத்துக்கும் முந்தின செடிகளோட படிமம் கிடைக்கிற இடம். கடல் உயிரிகளோட படிமமும் அங்க கிடைச்சிருக்கு. அதாவது, இன்னைக்கு அசெம்பிளி லைன் ஓடுற பக்கம் ஒரு காலத்துல கடல் வந்து போயிருக்கு.

சரி, இந்தக் கல்லுக்கும் மனுஷனுக்கும் என்ன சம்பந்தம்? மழையும் வெயிலும் பாறையை அரிக்க, கூழாங்கற்கள் கழண்டு கீழே சிதறுது. அதுல நிறைய குவார்ட்சைட். ரொம்பக் கெட்டியான கல். சரியான இடத்துல அடிச்சா ஓரம் கத்தி மாதிரி தெறிக்கும். கருவி செய்றவனுக்கு இதைவிட என்ன வேணும்? ரா மெட்டீரியல் காலடியிலேயே கிடக்கு, பக்கத்துல கொசஸ்தலை ஆத்துத் தண்ணி. இன்னைக்கு ஒரு ஃபேக்டரி இடம் தேடும்போது பார்க்கிற அதே கணக்குதான்.

இது வெளியே தெரிஞ்ச கதை 1863-ல ஆரம்பிக்குது. ராபர்ட் புரூஸ் ஃபூட், வயசு 28, இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையில வேலை. அந்த வருஷம் மே 30-ம் தேதி, பல்லாவரத்துல ஒரு சரளைக் குழியிலேருந்து ஒரு கல்லை எடுக்கிறார். மனுஷக் கை செதுக்கின கல்னு அவருக்குப் புரியுது. ஐரோப்பாவுல இப்படிப்பட்ட கற்களை அறிஞர்கள் ஒத்துக்கிட்டே நாலு வருஷம்தான் ஆகுது. இந்தியாவுல பழைய கற்காலம்னு ஒண்ணு இருந்ததுக்கு முதல் ஆதாரம் அந்தக் கல். சில மாசத்துல அவரும் வில்லியம் கிங்கும் பூண்டிக்குப் பக்கத்துல அத்திரம்பாக்கத்தைக் கண்டுபிடிச்சாங்க.

அத்திரம்பாக்கத்துல ஒரு ட்விஸ்ட் இருக்கு. அங்க மேல சரளை, கீழ களிமண். அந்தக் களிமண் டைனோசர் காலத்துப் பாறை சிதைஞ்சதுன்னுதான் ரொம்ப காலம் நினைச்சிருந்தாங்க. அப்படின்னா அதுக்குள்ள மனுஷன் செஞ்ச கருவி இருக்கவே முடியாது இல்லையா? 1999-ல தொடங்கின அகழாய்வுல சாந்தி பப்பு குழு அதையும் தோண்டிப் பார்த்துச்சு. மீட்டர் கணக்குல இறங்க இறங்க கைக்கோடாரி வந்துக்கிட்டே இருந்துச்சு. 2011-ல வந்த முடிவு: அந்தக் கருவிகளோட வயசு சராசரியா 15 லட்சம் வருஷம், எப்படிக் குறைச்சாலும் 10 லட்சத்துக்கு மேல. 2018-ல இன்னொரு முடிவு: அடுத்த கட்ட நுட்பமான இடைப் பழங்கற்காலம், இங்க சுமார் 3,85,000 வருஷம் முன்னாடியே வந்துருச்சு. ஆப்பிரிக்காவுலேருந்து அரேபியப் பாலைவனம் வழியா நவீன மனுஷன் கொண்டு வந்ததுதான் இந்தத் தொழில்நுட்பம்னு சொன்ன கதை, இந்தத் தேதியால ஆட்டம் கண்டுச்சு.

குடியத்துல 1960-கள்ல தொல்லியல் துறை தோண்டினப்போ கிடைச்சதும் சுவாரசியம்தான். கைக்கோடாரியிலேருந்து குட்டிக் குட்டி நுண்கருவி வரைக்கும் அடுக்கடுக்கா கிடைச்சுது. ஆனா நிரந்தரமா குடியிருந்த அடையாளம் இல்ல. வந்தாங்க, ஒதுங்கினாங்க, போனாங்க. வாழ்க்கை நடந்தது வெளியில, அந்தச் சரளை மேல.

அங்கதான் எனக்கு உறுத்துது. குகைக்கு ஒரு பேரு இருக்கு, போறதுக்குப் பாதை இருக்கு. சரளைக்கு என்ன இருக்கு? நம்ம ரோட்டுல தார்ப்பாய் மூடிப் போற டிப்பர் லாரி எத்தனை! கிராவல், சவுடுன்னு ஏதோ ஒரு இடத்துல வெட்டி, வேற ஒரு பள்ளத்துல கொட்டுறோம். ஃபேக்டரி வேணாம்னு நான் சொல்லல. அந்தச் சம்பளத்துலதான் பல வீடு ஓடுது. ஆனா ஒரு கைக்கோடாரியை மண்ணோட அள்ளி வேற இடத்துல கொட்டிட்டா, அது எந்த அடுக்குல, எதுக்குப் பக்கத்துல கிடந்துச்சுன்ற தகவல் போச்சு. 15 லட்சம்னு சொல்ல வச்சதே அந்தத் தகவல்தான். அது இல்லேன்னா வெறும் கல்லு.

பல்லாவரத்துல ஃபூட் நின்னதும் ஒரு சரளைக் குழிதான், மறந்துராதீங்க. அவர் குனிஞ்சு பார்த்தார், அவ்வளவுதான் வித்தியாசம்.

போறவங்களுக்கு: முதல்ல பூண்டியில இருக்கிற தொல்லியல் துறை அருங்காட்சியகத்தைப் பாருங்க. கைக்கோடாரி எப்படி இருக்கும்னு கண்ணுக்குப் பழகிரும். எழும்பூர் அருங்காட்சியகத்துல ஃபூட் சேகரிச்சதே இருக்கு. குடியம் காப்புக்காடு, அதனால வனத்துறைகிட்ட விசாரிச்சுட்டுப் போங்க. தேன்கூடு இருந்தா சத்தம் போடாதீங்க. கல் எதையும் பையில போடாதீங்க. திங்கட்கிழமை வேலைக்குத் திரும்பும்போது, உங்க சைட்டுக்குப் பக்கத்துல புதுசா வெட்டின பள்ளம் இருந்தா ஒரு நிமிஷம் நின்னு பாருங்க. ரெண்டு பக்கமும் செதுக்கின கல் கண்ணுல பட்டா, இருந்த இடத்துலயே போட்டோ எடுத்து தொல்லியல் துறைக்குச் சொல்லுங்க.