கோயில்காடுகளும் துரூயிட் மரபும்

கோயில்காடு என்பது தெய்வத்தின் பெயரால் வெட்டாமல் விடப்பட்ட காடு. ஐயனார், காளி, பிடாரி முதலிய ஊர்த் தெய்வங்களைச் சூழ்ந்து இவை காணப்படுகின்றன. இயற்கையையே வழிபடும் நெறியாக இன்று உலகெங்கும் பேசப்படும் துரூயிட் மரபை அறிய விரும்பும் தமிழ் மாணவருக்கு, இக்காடுகள் பொருத்தமான ஒப்பீடாக அமைகின்றன.

துரூயிடுகள்

பழங்கால பிரிட்டன், கால் (இன்றைய பிரான்ஸ்) பகுதிகளில் வாழ்ந்த கெல்டிக் மக்களின் குருமார் துரூயிடுகள். தம் போதனைகளை அவர்கள் எழுத்தில் வைக்கவில்லை. சிலர் இருபது ஆண்டுகள் வரை மனப்பாடமாகக் கற்றனர் என்கிறார் ஜூலியஸ் சீசர். ஓக் மரத்தையும் அதில் வளரும் புல்லுருவியையும் அவர்கள் புனிதமாகக் கருதியதை மூத்த பிளினி குறித்துள்ளார். கி.பி. 60 அளவில் ரோமப் படை மோனா தீவைத் தாக்கி அங்கிருந்த புனிதச் சோலைகளை அழித்ததாக டாசிட்டஸ் எழுதினார்.

இன்றைய துரூயிட் நெறி பெரும்பாலும் மறுபடைப்பே. 1792இல் இயோலோ மோர்கன்வக் லண்டனில் நடத்திய கூட்டமும், 1964இல் ராஸ் நிக்கல்ஸ் தொடங்கிய அமைப்பும் அதன் முக்கியக் கட்டங்கள்.

தமிழகத்தில் மர வழிபாடு

சங்ககால வேந்தர்களுக்குக் காவல்மரம் இருந்தது. அதை வெட்டுவது அரசனையே வீழ்த்துவதற்கு ஒப்பானது. சேரன் நெடுஞ்சேரலாதன் பகைவரின் கடம்ப மரத்தை வெட்டியதைப் பதிற்றுப்பத்து பேசுகிறது. மோனாவில் ரோமர் செய்ததும் இதுவே: மரத்தை வீழ்த்தினால் மக்களின் மனத்தை வீழ்த்தலாம் என்ற கணக்கு.

எனினும் தமிழகத்தில் மர வழிபாடு அறுபடவில்லை. கோயில்களின் தலமரமும், ஊர் எல்லையின் ஐயனார் சோலையும் இன்றும் அதற்குச் சான்று.

விழுப்புரம் வட்டாரம்

கண்டமங்கலம், வானூர், மரக்காணம் பகுதிகள் வங்கக் கடலோரச் சமவெளியைச் சேர்ந்தவை. இச்சமவெளியின் இயற்கைத் தாவரம் உலர் பசுமைமாறாக் காடு. காசா, வீரை போன்றவை அதன் மரங்கள். விளைநிலங்கள் பெருகியபின் இக்காடு பெரும்பாலும் கோயில்களைச் சுற்றியே சிறு சிறு துண்டுகளாக எஞ்சியது. புதுச்சேரிக்கு வடக்கே, மரக்காணம் செல்லும் வழியில் உள்ள கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயில்காடு அவற்றுள் அறியப்பட்டது. தாவரவியலாளர்கள் பலர் இதை ஆய்ந்துள்ளனர்.

இக்காடுகளைக் காத்தது வேலியன்று, விலக்கு. பச்சை மரத்தில் கத்தி வைக்கக் கூடாது, செருப்புடன் நுழையக் கூடாது, விழுந்த சுள்ளியைப் பொங்கலிடுவதற்கு மட்டுமே எடுக்க வேண்டும் என்பன பல ஊர்களில் வழங்கும் கட்டுப்பாடுகள். சாமி குத்தம் என்ற அச்சமே சட்டமாக நின்றது.

இன்றைய நிலை

அன்று மரத்தை வெட்டியவர் பகைவர். இன்று மரத்தை அகற்றுவது பெரும்பாலும் பக்தி. மண்டபம், சிமெண்ட் தளம், வாகன நிறுத்தம் எனக் கோயில் வளர, காடு சுருங்குகிறது. தெய்வம் கட்டடத்துள் இருக்கிறது என்ற எண்ணம் வலுக்கும்போது, காடே தெய்வத்தின் வீடு என்ற பழைய எண்ணம் மங்குகிறது.

மாற்று முயற்சிகளும் உண்டு. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோயில் காட்டைத் தமிழக அரசு 2025இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது.

இயற்கை வழிபாட்டை அறியத் தொடங்குபவர் தம் ஊர்ச் சோலையின் மரப்பெயர்களையும் அதன் விலக்குகளையும் முதியவர்களிடம் கேட்டு எழுதி வைக்கலாம். துரூயிடுகள் எழுதாமல் விட்டதால் அவர்களைப் பற்றி நாம் அறிவது பெரும்பாலும் அயலார் எழுதியதையே. நம் கோயில்காடுகளுக்கோ சொல்லத் தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள்.