உடுவிற் சபையை வளர்த்த பெண்கள்

அமெரிக்க மிஷனரிமார் 1816இல் யாழ்ப்பாணம் வந்தனர். 1820இல் உடுவிலில் பணி தொடங்கினர். 1824இல் ஹரியட் வின்ஸ்லோ அம்மையார் இங்கே பெண்களுக்கான விடுதிப் பாடசாலையை ஆரம்பித்தார். மிஷன் வீட்டில் உண்டால் சாதி போய்விடும் என்று பெற்றோர் அஞ்சிய காலம் அது. பிள்ளைகளுக்கு உணவும் உடையும் கொடுத்து, கிறிஸ்தவரை மணந்தோருக்குச் சீதனமும் கொடுத்தே பாடசாலை நடந்தது. இதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அப்படி வந்த பெண்களின் குடும்பங்களிலிருந்தே சபை பெருகியது.

நியூயோர்க்கின் பிரெஸ்பிட்டேரியன் சபையிலிருந்து 1840இல் வந்த எலைசா அக்னியு அம்மையாரிடம் தாய், மகள், பேர்த்தி என மூன்று தலைமுறையினர் படித்தனர். அவர் தாய்நாடு திரும்பாமலே 1883இல் மானிப்பாயில் காலமானார். 1908இல் பிரெஸ்பிட்டேரியன், கொங்கிரிகேஷனல் சபைகள் தென்னிந்திய ஐக்கிய சபையாக இணைந்தபோதும், 1947இல் தென்னிந்திய திருச்சபை உதயமானபோதும், யாழ்ப்பாணச் சபைகள் அவற்றில் பங்குகொண்டன.

வரலாற்று நூல்களில் போதகர்மாரின் பெயர்கள் உண்டு. உலை வைக்குமுன் சபைக்கென ஒரு பிடி அரிசி எடுத்துவைத்த அம்மம்மாமாரின் பெயர்கள் அரிது. இடப்பெயர்வுகளில் குடும்ப வேதாகமங்களும் படங்களும் தொலைந்துபோயின. எனவே, எங்கிருந்தாலும், உங்கள் வீட்டில் இங்கு படித்த மூத்தோரின் பெயரையும் ஆண்டையும் எழுதி அனுப்புங்கள். சைவக் குடும்பத்தவரும் எழுதுங்கள். அவர்களும் நம் பாடசாலையின் பிள்ளைகளே.