ஓரணா தீர்மானம்



மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். "பத்தாவது படிச்ச எனக்கு என்னம்மா வரலாறு தெரியும்?" என்றேன். யோசித்துப் பார்த்தால் நான் பத்தாவது வரை படித்ததற்கே ஒரு வரலாறு இருக்கிறது.

1982-ல் நான் மூன்றாம் வகுப்பு. அம்மா காசிமேட்டில் மீன் எடுத்து, கூடையில் சுமந்து விற்றவர். பகலில் எங்கள் வீட்டில் அடுப்பு எரியாது. மத்தியான மணி அடித்து வீட்டுக்குப் போன பிள்ளைகளில் பாதி பேர் திரும்பி வரமாட்டார்கள். நானும் பல நாள் அப்படித்தான். அந்த வருஷம் ஜூலையில் கிராமங்களிலும், செப்டம்பரில் நகரங்களிலும் சத்துணவு வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு போனவள், சாப்பிட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்தேன். படிப்பும் தொடர்ந்தது.

எம்.ஜி.ஆர். கொண்டுவந்தது, அதற்கு முன் காமராசர் 1956-ல் தொடங்கியது என்பது நமக்கெல்லாம் தெரியும். அதற்கும் முன்னால் நம்ம வடசென்னைக்காரர் ஒருவர் இதைச் செய்திருக்கிறார் என்பது எனக்கு வெகுநாள் தெரியாது. பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி இருக்கிறதே, தி.நகர் என்கிறோமே, அந்தப் பெயர்களுக்கு உரிய பி. தியாகராயர்தான் அவர்.

1852-ல் பிறந்தவர். அந்தக் காலத்து பி.ஏ. வீட்டோடு தறிகள் போட்டு நெசவு நடத்தினார். ஏறக்குறைய 40 ஆண்டுகள் சென்னை மாநகராட்சியில் உறுப்பினர், பிறகு அதன் தலைவர். 1916-ல் டி.எம். நாயர், நடேசனார் ஆகியோரோடு சேர்ந்து தென்னிந்திய நல உரிமைச் சங்கத்தைத் தொடங்கினார். அதைத்தான் நீதிக்கட்சி என்கிறோம். படிப்பும் அரசு வேலையும் எல்லாச் சாதிக்கும் கிடைக்க வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அதை ஊர் ஊராகக் கொண்டுபோக ஆங்கிலத்தில் ஒன்று, தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று என்று மூன்று பத்திரிகை நடத்தினார்கள். 1920 தேர்தலில் கட்சி ஜெயித்தபோது முதல் மந்திரி பதவி அவரைத் தேடி வந்தது. வேண்டாம் என்றுவிட்டார். அந்தக் கட்சி ஆட்சியில்தான் 1921-ல் சென்னை மாகாணப் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது.

இனி சோற்றுக்கு வருவோம். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகள் ஏழைகள். பசியால் வருகை குறைந்தது. 1920 செப்டம்பர் 16 அன்று மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: அந்தப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பகலுணவு, செலவு ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மேல் போகக் கூடாது. ஓர் அணா என்றால் ரூபாயில் பதினாறில் ஒரு பங்கு. "பாவம், பிள்ளைங்க பசியா இருக்கு" என்று சொல்லி விட்டுவிடவில்லை பாருங்கள். எந்தப் பள்ளி, என்ன உதவி, எவ்வளவு காசு என்று எழுதி வைத்தார்கள்.

பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கும் போனது. ஐந்து பள்ளிகளிலும் சேர்ந்து 1922–23-ல் 811 ஆக இருந்த பிள்ளைகள், 1924–25-ல் 1,671 ஆனார்கள். இரண்டு வருஷத்தில் இரண்டு மடங்கு!

ஆனால் அந்தச் செலவை ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து எடுக்கக் கூடாது என்று பிரிட்டிஷ் அரசு சொல்லிவிட்டது. 1925 ஏப்ரலில் பகலுணவு நின்றது. அதே ஏப்ரல் 28 அன்று தியாகராயரும் காலமானார். விடாமல் கேட்டுக் கேட்டுத்தான் 1927-ல் மீண்டும் தொடங்கியது.

எனக்குப் பாடமாகப் பட்டது இந்த இடம்தான். நல்ல திட்டம் கணக்கில் ஒரு தலைப்பு இல்லாமல் நின்றுபோகும். கேட்க ஆள் இருந்தால் திரும்ப வரும்.

நம் அனுபவமும் அதுதானே? சாத்தாங்காட்டில் எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கழிவறைக்குத் தண்ணீர் இல்லை. பெரிய பெண்பிள்ளைகள் மாதத்தில் சில நாள் லீவு போட்டார்கள். மூன்று தடவை நேரில் போய்ச் சொன்னோம். "பாக்கலாம்மா" என்றார்கள். நாலாவது தடவை எங்கள் குழுவின் தீர்மானப் புத்தகத்தில் எழுதினோம்: எத்தனை பிள்ளைகள், எத்தனை நாள் லீவு, என்ன வேண்டும். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். நகல் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்கினோம். இரண்டு மாதத்தில் தொட்டி வந்தது. இப்போதும் சில நாள் தண்ணீர் வருவதில்லை; அந்த நாட்களையும் தேதி போட்டுக் குறித்து வைக்கிறோம்.

2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தில் தமிழ்நாடு முழுவதும் நம்மைப் போன்ற குழுப் பெண்கள் சமைக்கிறார்கள். கரண்டி நம் கைக்கு வந்துவிட்டது. பேனாவும் நம் கையில்தான் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் கடன், வட்டி, சேமிப்பு எழுதி முடித்ததும் புத்தகத்தை மூடிவிடாதீர்கள். உங்கள் தெருப் பள்ளியைப் பற்றியும் ஒரு தீர்மானம் எழுதுங்கள், தோழிகளே.