கிணற்றுக்குக் கஞ்சி

வேட்டிக்குக் கஞ்சி போடுவதை எல்லாரும் அறிவோம். எண்ணெய்க் கிணற்றுக்குக் கஞ்சி போட்ட கதையைக் கேட்டிருக்கிறீர்களா?

1900-ஆம் ஆண்டின் இறுதியில், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில், ஸ்பிண்டில்டாப் மேட்டில் துளையிட்டவர்களுக்குப் பெருந்தொல்லையாக இருந்தது மணல். துளைக்கத் துளைக்கச் சரிந்து மூடிக்கொண்டது. நீரைச் செலுத்திப் பயனில்லை. ஒரு குட்டையில் மாடுகளை விட்டுக் கலக்கி, அந்தச் சேற்றைத் துளைக்குள் செலுத்தினார்களாம். சுவர் நின்றது. 1901 ஜனவரி 10 அன்று எண்ணெய் வானளாவப் பீறிட்டது.

சேறு எவ்வாறு சுவரைக் காத்தது? துளையிலுள்ள சேற்றின் அழுத்தம் பாறை நீரின் அழுத்தத்தைவிட மிகுதி. ஆகவே சேற்றின் நீர் பாறைக்குள் வடிகிறது. களிமண் துகள்கள் சுவரில் ஏடாகப் படிகின்றன. ஏடு மெல்லியதாக இருந்தால் நன்மை. தடித்துவிட்டாலோ துளையிடும் குழாய் அதில் புதைந்து ஒட்டிக்கொள்ளும். வடிந்த நீரால் ஷேல் எனும் களிப்பாறை உப்பிச் சரியும்.

இந்த வடிதலைச் சோதிக்க, சேற்றை வடிதாளின்மேல் வைத்து, சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம் அழுத்துவர். படியும் ஏடே மேற்கொண்டு வடிவதைத் தடுப்பதால், வடிநீரின் பருமன் காலத்தின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். அதாவது, நான்கு மடங்கு நேரத்தில் இரு மடங்கு நீரே வடியும். வகுப்பில் இதை மாணவர்கள் எளிதில் நம்புவதில்லை. வரைபடம் போட்டால் நேர்கோடு வரும்!

உப்புப் பாறை குறுக்கிட்டால் களிமண் துகள்கள் திரண்டுவிடும். நீர் தாராளமாக வடியும். இதற்கு மருந்தாக 1930-களின் இறுதியை ஒட்டி வந்தது ஸ்டார்ச். வேகவைத்து உலர்த்திய சோள மாவும் உருளைக்கிழங்கு மாவும் நீரில் உப்பி, ஏட்டின் இடுக்குகளை அடைத்தன. ஆனால் கஞ்சி புளிக்குமே! ஆம், சேறும் புளித்து நாறியது. உப்பு நிறைசெறிவாக இருந்த சேறு மட்டும் ஊறுகாயைப்போலக் கெடாமல் நின்றது. 1940-களில் செல்லுலோஸிலிருந்து செய்த கார்பாக்ஸிமெதில் செல்லுலோஸ் வந்தது. இது எளிதில் புளிக்காது. ஆனால் மிகுந்த உப்பில் வலுவிழக்கும். எனவே ஸ்டார்ச்சைத் தள்ளிவிட முடியவில்லை.

நாம் பொரியல் செய்யும் கொத்தவரையின் விதையிலிருந்து எடுக்கும் பிசினும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. தண்ணீர்க் கிணறு துளைப்போர் இதை விரும்புவதற்குக் காரணம் வேடிக்கையானது: வேலை முடிந்ததும் இப்பிசின் தானே சிதைந்து, ஊற்றுக்கண்களைத் திறந்துவிடுகிறது. எண்ணெய்க் கிணற்றில் ஸ்டார்ச்சுக்குக் குறையாக இருந்த அதே கெடும் தன்மைதான் இது.